உடைந்த தமிழைச் சரிசெய்ய லிப்ரே ஆபிஸ் ரைட்டர்: பயன்படுத்திப் பார்த்தவரின் மதிப்பீடு

கோயில் மலர், பள்ளி ஆண்டு மலர், சங்கத்து அறிக்கை என்று பழைய தமிழ்க் கோப்புகளைச் சரிசெய்து கொடுக்கும் வேலை எனக்கு அடிக்கடி வரும். திறந்து பார்த்தால் தமிழே இருக்காது. கட்டம் கட்டமாக நிற்கும், இல்லையென்றால் ஆங்கில எழுத்துகளைக் கலைத்துக் கொட்டிய மாதிரி இருக்கும். இந்த வேலைக்கு நான் வைத்திருப்பது வேர்ட் போலவே ஆவணம் எழுதும் மென்பொருளான லிப்ரே ஆபிஸ் ரைட்டர். இலவசம் என்பதும் ஒரு காரணம்தான், ஆனால் எழுத்து எந்த இடத்தில் உடைந்தது என்று கண்டுபிடிக்க அதில் இருக்கும் வசதிகளுக்காகவே காசு கொடுத்தும் வாங்கலாம். ஒரு குறை, நிறுவியவுடன் அது தமிழுக்குத் தயாராக இருக்காது.

ரைட்டர் ஒரே வரிக்கு மூன்று எழுத்துருக்களைத் தனித்தனியாக வைத்துக்கொள்கிறது: வெஸ்டர்ன், ஏசியன், காம்ப்ளெக்ஸ். ஏசியன் என்றதும் நம்மவர்கள் அங்கே போய்த் தமிழைத் தேடுவார்கள், அது சீன, ஜப்பானிய, கொரிய எழுத்துகளுக்கானது. தமிழ் இருப்பது காம்ப்ளெக்ஸில். டூல்ஸ், ஆப்ஷன்ஸ் போய் மொழிகளுக்கான பக்கத்தில் காம்ப்ளெக்ஸ் பெட்டியை டிக் செய்து தமிழைத் தேர்ந்தெடுங்கள், அப்புறம் அதே ஆப்ஷன்ஸில் ரைட்டருக்குக் கீழே வரும் காம்ப்ளெக்ஸ் எழுத்துருப் பக்கத்தில் நோட்டோ சான்ஸ் தமிழோ நிர்மலா யூஐ-யோ எது உங்களிடம் இருக்கிறதோ அதைப் போடுங்கள். இதைச் செய்யாவிட்டால் இந்திக்கான தேவநாகரி எழுத்துரு ஒன்று இயல்பாக உட்கார்ந்திருக்க வாய்ப்பு உண்டு. அதில் தமிழ் கிடையாது என்பதால் ரைட்டர் கணினியில் வேறு எங்கிருந்தோ தமிழ் உருவத்தை எடுத்துக் காட்டும், ஆனால் மேலே பெயர்ப் பெட்டியில் பழைய பெயரே இருக்கும். உங்கள் கணினியில் அழகாகத் தெரிந்த பக்கம் இன்னொருவர் கணினியில் வரி மாறி, பக்கம் கூடி நிற்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். உண்மையில் எந்த எழுத்துரு வரைகிறது என்பதையும் அந்தப் பெட்டி சொல்லியிருக்கலாம். எனக்கு இந்த மென்பொருளின் மேல் இருக்கும் பெரிய மனக்குறை இது.

அதே பெட்டியில் ஒரு நல்ல விஷயமும் இருக்கிறது. கோப்பு கேட்கும் எழுத்துரு கணினியில் இல்லையென்றால் அதன் பெயர் சாய்வெழுத்தில் தெரியும். பாதி நோயை இதை வைத்தே சொல்லிவிடலாம். லதா என்று சாய்வாக நின்றால் கவலையே வேண்டாம், உள்ளே இருப்பது யூனிகோடு, அதாவது ஒவ்வோர் எழுத்துக்கும் எல்லாக் கணினிகளிலும் ஒரே எண் தரும் பொது முறை. விண்டோஸ் 10-இல் லதாவும் விஜயாவும் தானாக வராமல் விருப்ப வசதியாகப் போய்விட்டன, தமிழ் சப்ளிமென்டல் ஃபாண்ட்ஸ் என்று தேடிச் சேர்த்தால் போதும். யூனிகோடில் சேராத பழைய எழுத்துருவான பாமினியின் பெயர் சாய்வாக நின்றால் கதை வேறு. பாமினியில் தமிழ் என்று அடித்தால் கோப்புக்குள் இருப்பது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. எழுத்துருதான் அந்த ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் முகத்தைப் போட்டுக் காட்டுகிறது. அதனால் பாமினி வரியைத் தேர்ந்தெடுத்து நோட்டோவுக்கு மாற்றினால் தமிழ் வராது, அந்த ஜே, கே, பி, ஓ வெளியே வந்து நிற்கும். ஆப்ஷன்ஸில் இருக்கும் எழுத்துரு மாற்று அட்டவணையாலும் பயன் இல்லை.

பாமினி கோப்பில் கை வைக்கும் முன் ஆட்டோ கரெக்டை அணைத்துவிடுங்கள். வாக்கியத்தின் முதல் எழுத்தை அது பெரிய எழுத்தாக்கும். பாமினியில் சின்ன ஜே த, பெரிய ஜே து. ஆக, தமிழ் என்று அடித்தது துமிழ் ஆகிவிடும். மேற்கோள் குறிகளை வளைத்துவிடும் வசதியும் இப்படித்தான் கெடுக்கும். யூனிகோடுக்கு மாற்ற என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற கருவி ஒன்று வேண்டும், ரைட்டருக்குள் அது கிடையாது. நடுநடுவே நிஜமான ஆங்கிலச் சொற்கள் இருந்தால் அந்தக் கருவி அவற்றையும் தமிழாக்கிக் குதறிவிடும். இங்கே ரைட்டரின் தேடல் கைகொடுக்கிறது: ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸில் ஃபார்மட்டை அழுத்திப் பாமினியைத் தேர்ந்தெடுத்து ஃபைண்ட் ஆல் கொடுத்தால் அந்த எழுத்துருவில் இருப்பது மட்டும் தேர்வாகும், ஒரு நிறம் கொடுத்துவிட்டால் எது மாற்ற வேண்டியது எது தொடக்கூடாதது என்று கண்ணாலேயே தெரியும்.

அடுத்த வகை, தலையில் கோடு போட்ட ஆங்கில ஏ, பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர், இதுவே திரும்பத் திரும்ப வரிசையாக வருவது. பார்க்கப் பயமாக இருந்தாலும் இருப்பதிலேயே எளிதாகச் சரியாவது இதுதான். யூனிகோடைக் கோப்பில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட். முதல் பைட் எப்போதும் 224, இரண்டாவது 174 அல்லது 175. இந்தப் பைட்டுகளைப் பழைய மேற்கத்திய முறையில் படித்தால் 224 கோடு போட்ட ஏ, 174 வட்டத்துக்குள் ஆர். கோப்பைத் திறக்கும் பெட்டியில் டெக்ஸ்ட் - சூஸ் என்கோடிங் என்ற வகையைத் தேர்ந்தெடுத்து யூடிஎஃப்-8 கொடுங்கள், தமிழ் அப்படியே வந்துவிடும். வரிசையாக வெறும் கேள்விக்குறிகள் மட்டும் இருந்தால் நேரத்தை வீணாக்க வேண்டாம். சேமித்தபோதே எழுத்து போய்விட்டது, மூலக் கோப்பைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.

நல்ல தமிழ் எழுத்துரு போட்டும் கட்டமாகவே நின்றால் அந்தக் கட்டத்துக்குப் பின்னால் கர்சரை வைத்து ஆல்ட்டோடு எக்ஸ் அழுத்துங்கள். எழுத்து தன் யூனிகோடு எண்ணாக மாறும், மறுபடி அழுத்தினால் பழையபடி ஆகும். எண் 0பி என்று தொடங்கினால் சரியான தமிழ், எழுத்துருவை மட்டும் பாருங்கள். ஆங்கில ஈ என்று தொடங்கினால் அது தனிப்பயன் பகுதி, அதாவது எந்த மொழிக்கும் ஒதுக்காமல் அவரவர் விருப்பத்துக்கு விட்ட எண்கள், பெரும்பாலும் தமிழக அரசு 2010-இல் யூனிகோடோடு சேர்த்துத் தரமாக அறிவித்த டேஸ்16 முறையில் அடித்ததாக இருக்கும், அதற்கான எழுத்துருவோ மாற்றியோ தேவை. வேர்டிலும் இந்த விசை உண்டு, ஆனாலும் பலருக்குத் தெரியவில்லை.

பிடிஎஃபிலிருந்து ஒட்டிய தமிழில் ஒற்றைக்கொம்பும் இணைக்கொம்பும் எழுத்துக்கு முன்னால் புள்ளி வட்டத்தோடு தொங்கும். பிடிஎஃப் பலசமயம் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் தருகிறது, யூனிகோடில் மெய் முதலில் வர வேண்டும். ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸில் ரெகுலர் எக்ஸ்பிரஷனை, அதாவது குறிகளால் வடிவத்தைச் சொல்லித் தேடும் முறையை, டிக் செய்து ([ெேை])([க-ஹ]) என்று தேடி $2$1 என்று மாற்றினால் இடம் மாறிவிடும். முழுவதும் கெட்டுப்போன பகுதியைத் தேர்ந்தெடுத்து அதில் மட்டும் ஓட்டுங்கள். நல்ல பகுதியில் ஓட்டினால் கைகள் என்பதில் ஐகாரக் குறி அடுத்த ககரத்துக்குத் தாவிவிடும்.

2017-இல் வந்த 5.3 பதிப்பிலிருந்து விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஹார்ஃப்பஸ் என்ற ஒரே கருவிதான் எழுத்தைக் கோக்கிறது, அதற்கும் பழைய பதிப்பை இன்னும் வைத்திருப்பவர்கள் உடனே மாற்றுங்கள். முடித்த கோப்பை அனுப்பும்போது ஃபைல், ப்ராப்பர்ட்டீஸ், ஃபாண்ட் பக்கத்தில் எழுத்துருவை உள்ளே சேர்க்கும் வசதியை டிக் செய்துவிடுங்கள். கோப்பு கொஞ்சம் பெரிதாகும், பரவாயில்லை. அச்சகத்துக்குப் போவதாக இருந்தால் கூடவே பிடிஎஃப் ஒன்றும் வையுங்கள்.