வலையா, பிளாஸ்டிக் விரிப்பா? வௌவால்களிடம் வைரஸ் தேடும் இரு வழிகள்

மனிதருக்குத் தாவக்கூடிய வைரஸ்களைக் காட்டு வௌவால்களிடம் தேடும்போது முதலில் எழும் கேள்வி: பிடித்துச் சோதிப்பதா, பிடிக்காமலே சோதிப்பதா?

பிடிப்பவர்கள் அந்தியில் மெல்லிய நைலான் வலை கட்டுகிறார்கள். சிக்கியவற்றின் தொண்டையிலும் ஆசனவாயிலும் பஞ்சுக்குச்சியால் மாதிரியும், கொஞ்சம் ரத்தமும் எடுத்துவிட்டுப் பறக்கவிடுகிறார்கள். எந்த இனம், குட்டியா, சினையா என்ற விவரங்களும் கூடவே கிடைக்கும். உகாண்டாவின் பைத்தான் குகையில் ஏறக்குறைய ஆறு மாதக் குட்டிகளிடம் மனிதருக்குக் கொடிய காய்ச்சல் தரும் மார்பர்க் வைரஸ் ஆண்டுக்கு இருமுறை ஏறுவது வௌவால்களைப் பிடித்துச் சோதித்ததில்தான் தெரியவந்தது. ஆனால் கடியும் கீறலும் நேரலாம்; ரேபிஸ் தடுப்பூசி போடாதவர் அருகே போகக்கூடாது. இரவு முழுக்க விழித்தாலும் சில சமயம் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே சிக்கும்.

விரிப்பு முறை சோம்பேறித்தனம்போலத் தோன்றும். இரை தேடப்போன பழந்தின்னி வௌவால்கள் விடியலில் திரும்புமுன் மரத்தடியில் பிளாஸ்டிக் விரித்து, விழும் சிறுநீரைச் சேகரிக்க வேண்டும், அவ்வளவுதான். மலேசியாவில் 1998-99இல் நூறுக்கும் மேற்பட்டோரைக் கொன்ற நிபா வைரஸ், பின்னர் தியோமான் தீவு வௌவால்களின் சிறுநீரிலிருந்து பிரிக்கப்பட்டது இந்த வழியில்தான். குறை உண்டு. ஒரு துளித்தேக்கத்தில் பல வௌவால்களின் சிறுநீர் கலந்திருக்கும். ஒன்றுக்குத் தொற்று இருந்தாலும் மொத்தமும் தொற்றுள்ளதாகக் காட்டும். தொற்று விகிதத்தை இதைவைத்துக் கணக்கிட்டால் மிகையாகவே வரும்.

ரத்தத்தில் எதிர்ப்பொருள் (வைரஸை எதிர்க்க உடல் உருவாக்கும் புரதம்) தேடுவது என்றோ வந்துபோன தொற்றைச் சொல்லும். மரபணுச் சோதனை இன்று வெளியேறும் வைரஸைச் சொல்லும்.

என் வாக்கு விரிப்புக்கே, அதுவும் அதே மரங்களுக்கு மாதந்தோறும் போவதானால். வௌவால்கள் வைரஸை அலையலையாக வெளியிடுகின்றன. ஒருமுறை போய் நூறு பிடித்தவர் அலை ஓய்ந்த மாதத்தில் போயிருந்தால் வெறுங்கையோடு திரும்புவார். ஆஸ்திரேலியாவில் 1996 முதல் 2020 வரையான பதிவுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, குதிரைகள் வழியே மனிதருக்கும் தொற்றக்கூடிய ஹெண்ட்ரா வைரஸ் குதிரைகளுக்குத் தாவியது வௌவால்கள் உணவுப் பஞ்சத்தில் பண்ணைப் பக்கம் ஒதுங்கிய பிறகு என்று தெரிந்தது. காடு குளிர்காலத்தில் பூத்துக் குலுங்கிய ஆண்டுகளில் தாவல் நின்றது. மரம் பூத்ததா என்பதையும் குறிப்பேட்டில் எழுதியாக வேண்டும்.

எந்த வழியானாலும் மிச்ச மாதிரியைக் கொட்டிவிடக்கூடாது. 2015இல் இறந்த ஒரு குதிரையிடம் வழக்கமான சோதனை ஹெண்ட்ராவைக் காட்டவில்லை. உறைபெட்டியில் இருந்த அதன் மாதிரியைப் பின்னர் ஆராய்ந்தபோதுதான், அந்தச் சோதனைக்குத் தப்பிய வேறொரு வகை ஹெண்ட்ரா 2021இல் அடையாளம் காணப்பட்டது.