சாம் மணல்மேட்டில் டென்ட் பேக்கேஜ்: முன்பணம் கட்டும் முன் படித்துவிடுங்கள்

ராஜஸ்தானில் ஜெய்சல்மேர் போகிற எல்லோருக்கும் பக்கத்துப் பாலைவனத்திலுள்ள சாம் மணல்மேட்டில் ஒரு ராத்திரியாவது டென்ட்டில் தங்க ஆசை. அந்த ஆசையை நம்பியே அங்கே பலருக்குப் பிழைப்பு ஓடுகிறது. ஒழுங்காக நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள். எங்களுக்கு வாய்த்த ஏஜென்ட் அந்த ரகம் இல்லை. அக்டோபர் முதல் மார்ச் வரைதான் அங்கே சீசன். இப்போது பிளான் போடுகிறவர்களுக்காக விவரமாகவே எழுதுகிறேன்.

வாட்ஸ்அப்பில் ஆள் நல்ல தமிழ் பேசினார். "அண்ணா, டென்ட் கதவைத் திறந்தா மணல்தான், காலை வெளியே வைக்க வேண்டியதுதான்" என்றார். ஆளுக்கு 4,500 ரூபாய். ஒட்டகச் சவாரி, ஜீப் சஃபாரி, ராத்திரி சாப்பாடு, மாங்கணியார் என்கிற அந்த ஊர் நாட்டுப்புறக் கலைஞர்களின் பாட்டு, மறுநாள் காலை பாலைவன தேசியப் பூங்கா சஃபாரி எல்லாம் அதில் அடக்கம். முன்பணத்தை யுபிஐயில் ஒரு தனி ஆளின் பெயருக்கு வாங்கிக்கொண்டார். பில் கேட்டதற்கு லோகோ போட்ட ஒரு படம் வந்தது.

ஜெய்சல்மேரிலிருந்து மேற்கே சுமார் 40 கிலோமீட்டர். போய் இறங்கினால் பெயர்ப்பலகையே வேறு. "உங்க கேம்ப் ஃபுல் சார், இதுவும் நம்மளோடதுதான்" என்றார்கள். தார்ச்சாலையை ஒட்டிய கட்டாந்தரையில் வரிசையாக டென்ட். மணல்மேடு சாலையின் அந்தப் பக்கம், அதுவும் நடந்து போகிற தூரம். சாமில் பல கேம்ப்கள் சாலையோரம்தான் இருக்கின்றன, அதில் தப்பில்லை. மணலுக்கு நடுவே என்று படம் காட்டிக் காசு வாங்குவதுதான் தப்பு. கேம்ப்பின் லொகேஷனை வாங்கி மேப்பில் சாட்டிலைட் காட்சியைப் பார்த்தால் இந்தப் பொய் உடனே வெளுத்துவிடும். லொகேஷன் அனுப்ப மழுப்பினால் அந்த ஆளை அத்தோடு விட்டுவிடுங்கள்.

ஒட்டகக் கூத்தைச் சொல்லியாக வேண்டும். ஒட்டகம் எழுந்திருக்கும்போது பின்னங்கால்கள்தான் முதலில் எழும். உட்கார்ந்திருப்பவர் முன்னால் கவிழப் போவார். என் மகள் அலறிக்கொண்டே திமிலுக்கு முன்னாலிருந்த கட்டையைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச தூரம் போனதும் ஒட்டகக்காரர் கயிற்றை இழுத்து நிறுத்தினார். சன்செட் பார்க்கிற இடத்துக்குப் போக இன்னும் 500 ரூபாயாம். வேண்டாம், இறக்கிவிடுங்கள் என்றால் காதிலேயே வாங்கவில்லை. அவர் குரல் கொடுக்காமல் ஒட்டகம் உட்காராது, ஒட்டகம் உட்காராமல் பிள்ளை இறங்க முடியாது. கொடுத்துத்தான் இறக்கினோம். பேக்கேஜ் பணத்தில் தன் கைக்கு எதுவும் வராது என்று பிறகு அவரே சொன்னார். உண்மையாகவும் இருக்கலாம். அதனால் ஒட்டகச் சவாரியைப் பேக்கேஜில் சேர்க்காமல், நேரில் தூரத்தையும் ரேட்டையும் பேசி ஏறுவதே உத்தமம்.

பாட்டு? அவர்களுடைய தந்தி வாத்தியமான கமாய்ச்சாவும் மரத் தாளக்கட்டையான கர்த்தாலும் கேட்கலாம் என்று ஆசையாக உட்கார்ந்தோம். ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டு, நடுராத்திரி வரை. டிசம்பர் குளிருக்கு ஆளுக்கொரு மெல்லிய போர்வை. அதை விடுங்கள்.

பெரிய ஏமாற்று மறுநாள் காலையில்தான். "தேசியப் பூங்கா சஃபாரி" என்று கூட்டிப்போய், முதல் நாள் சாயங்காலம் ஏறி இறங்கிய அதே மேடுகளில் அதே ஜீப்பை விட்டுக் குலுக்கினார்கள். கேட்டால், "இது எல்லாமே நேஷனல் பார்க்தான் சார்" என்கிறார் டிரைவர். அந்தப் பூங்கா 3,162 சதுர கிலோமீட்டர். அதில் மணல்மேடு ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான்; மற்றதெல்லாம் கல்தரையும் புல்வெளியும் புதர்க்காடும். ராஜஸ்தானின் மாநிலப் பறவையான கானமயில், அற்றுப்போகும் நிலையில் இருக்கிற பறவை, வாழ்வது அந்தப் புல்வெளியில். ஜீப் உறுமுகிற மேட்டில் அது வந்து நிற்குமா? அதைப் பார்க்கப் போகிறவர்கள் வனத்துறை அனுமதி வாங்கிக்கொண்டு பூங்காவுக்குள் இருக்கிற சுதாசரி பக்கம் போகிறார்கள். எங்களிடம் யாரும் அனுமதிச் சீட்டைக் காட்டவில்லை, அடையாள அட்டை நகலும் கேட்கவில்லை. பூங்கா சஃபாரி என்று யாராவது விற்றால், எந்த இடம், அனுமதி யார் பெயரில், கட்டண ரசீது எங்கே என்று மூன்றையும் கேளுங்கள். ஜீப்பில் மணலில் குதிப்பதும் ஜாலிதான், எனக்கும் பிடித்திருந்தது. ஆனால் அதற்குப் பூங்கா சஃபாரி ரேட் எதற்கு?

மீதிப் பணத்தை அங்கேயே கறாராக வசூலித்துவிட்டார்கள். ஊர் திரும்பி ஏஜென்ட்டைக் கூப்பிட்டால் முதலில் "பார்த்து செய்றேன் அண்ணா", அப்புறம் ரிங் மட்டும், அப்புறம் பிளாக். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். சாட், யுபிஐ ரசீது, கேம்ப் வாசலில் எடுத்த படம் எல்லாம் கைவசம் இருந்ததால் பதிவு செய்வது சுலபமாக இருந்தது. பணம் இன்னும் வரவில்லை. அந்த டென்ட் படங்கள் மட்டும் இப்போது வேறு கேம்ப் பெயரில், "கிறிஸ்துமஸ் ஆஃபர்" என்ற தலைப்போடு ஓடிக்கொண்டிருக்கின்றன.