கேபின் பையா, பெரிய பெட்டியா, பார்சலா? சந்தையில் வாங்கிய பழசை முழுசாக வீடு சேர்க்க

பயணத்தின் கடைசி ராத்திரி. பழைய சாமான் சந்தையில் அள்ளியதையெல்லாம் ஓட்டல் கட்டில் மேல் பரப்பிவிட்டு உட்கார்ந்திருந்தேன். நீல விளிம்பு போட்ட ஆறு பீங்கான் கோப்பைகள், 1950களின் ஒலிவெட்டி லெட்டெரா 22 தட்டச்சுப்பொறி ஒன்று, யாரோ யாருக்கோ எழுதிய தபால் அட்டைகள் ஒரு கட்டு, இரண்டு தடித்த ஓவியப் புத்தகங்கள், ஒரு பித்தளைத் தராசு. பேரம் பேசும்போது இருந்த தைரியம் பெட்டியைத் திறந்ததும் போய்விட்டது.

இருப்பது மூன்று வழி: கையோடு கேபினுக்குள், செக்-இன் பெட்டியில், அல்லது பார்சலில். எது மலிவு என்று முதலில் பார்க்கத் தோன்றும். நான் அதைக் கடைசியில்தான் பார்ப்பேன். ஃப்ளீ மார்க்கெட் சாமான் உடைந்தால் இன்னொன்று கிடைக்காது, என்ன விலைக்கு வாங்கினோம் என்று காட்ட பில்லும் இருக்காது. இந்த இரண்டையும் வைத்துப் பார்த்தால் மூன்று வழிகளும் வேறு மாதிரித் தெரியும்.

கேபின் பை

உடையக்கூடியதற்கு இதை மிஞ்சிய வழி இல்லை. பையைத் தூக்கி எறிய யாரும் கிடையாது, நம் கையை விட்டு அது போவதும் இல்லை. சிக்கல் எடைதான். பல விமான நிறுவனங்கள் 7 அல்லது 8 கிலோவோடு நிறுத்திவிடும். லெட்டெரா 22 கையில் தூக்கிப் போகவென்றே செய்த சின்ன மிஷின், ஆனாலும் நாலு கிலோவை நெருங்கும். அதை வைத்தால் பாதி எடை அதற்கே போய்விடும்.

பாதுகாப்புச் சோதனையில் மாட்டுவது பெரும்பாலும் நாம் நினைத்தே பார்க்காத சாமான்தான். குலுக்கினால் பனி பெய்கிற கண்ணாடி உருண்டைக்குள் இருப்பதும் திரவம்தான், 100 மி.லி. தாண்டினால் பல இடங்களில் விட மாட்டார்கள். கூரான கடிதம் பிரிக்கும் கத்தி, பழைய தையல் கத்தரிக்கோல் இதெல்லாம் கேபினுக்கு ஆகாது. பழைய கேமரா வாங்கியிருந்தால் உள்ளே கழுவாத ஃபிலிம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் செக்-இன்னில் போடவே கூடாது, அங்கே எக்ஸ்ரேயின் வீரியம் அதிகம். கேபின் பைகளைச் சோதிக்க இப்போது வந்திருக்கும் சி.டி. ஸ்கேனரும் ஃபிலிமைக் கெடுக்கும். கையால் பார்க்கச் சொல்லிக் கேட்பதுதான் வழி.

இன்னொன்று. விமானம் நிரம்பிவிட்டால் வாசலிலேயே பையை வாங்கி அடியில் போட்டுவிடுவார்கள். அதனால் கோப்பைகளைத் தனியாக ஒரு துணிப்பையில் கட்டி, கேபின் பைக்குள் மேலாக வைக்கிறேன். பையைக் கேட்டால் துணிப்பையை மட்டும் உருவிக்கொள்ளலாம்.

செக்-இன் பெட்டி

இரும்பு, பித்தளை, துணிமணி, தட்டச்சுப்பொறி எல்லாவற்றுக்கும் இதுதான். சிக்கன வகுப்பில் ஒரு பெட்டிக்கு 23 கிலோ என்பது பரவலான கணக்கு. கூடுதல் பணம் கட்டினாலும் ஒரே பெட்டியில் 32 கிலோவுக்கு மேல் பொதுவாக ஏற்க மாட்டார்கள், தூக்குகிறவர்களின் முதுகும் முக்கியம்தானே.

கட்டுகிற விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. தட்டுகளைப் படுக்கவைத்து அடுக்காதீர்கள், அலமாரியில் புத்தகம் நிற்பது போல நிறுத்தி வையுங்கள். கோப்பைக்குள் காலுறையைத் திணியுங்கள். முதலில் உடைவது கைப்பிடி, அதனால் அந்த வளையத்துக்குள்ளும் காகிதத்தைச் சுருட்டி அடைத்துவிட்டு அப்புறம் சுற்றுங்கள். பெட்டியின் நாலு சுவரையும் எதுவும் தொடக் கூடாது, இடையில் ஒரு ஸ்வெட்டர் கனமாவது வேண்டும். தட்டச்சுப்பொறியில் இடமும் வலமும் ஓடுகிற உருளைப் பகுதியை அசையாமல் கட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் பெட்டி விழும்போதெல்லாம் அது உள்ளே தானாக அடித்துக்கொள்ளும்.

உடைந்தால் நஷ்ட ஈடு உண்டே என்பார்கள். உண்டுதான். சர்வதேச விமானப் பயணத்துக்கான 1999ஆம் ஆண்டு மாண்ட்ரியல் உடன்படிக்கையின் கீழ் ஒரு பயணிக்கு உச்சவரம்பு இப்போது 1,519 எஸ்.டி.ஆர். (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு), சுமார் 2,000 அமெரிக்க டாலர். சேதமென்றால் பெட்டி கைக்கு வந்த 7 நாளுக்குள் எழுத்தில் புகார் கொடுத்தாக வேண்டும். ஆனால் பொருளிலேயே இருந்த குறையால் வந்த சேதத்துக்கு நிறுவனம் பொறுப்பில்லை என்றும் அதே உடன்படிக்கை சொல்கிறது. எண்பது வயதுக் கோப்பையில் முன்பே விரிசல் இல்லை என்று எதை வைத்துக் காட்டுவீர்கள்?

பழைய பாதரச பாரோமீட்டரைக் கண்டு மயங்கியவர்களுக்கு ஒரு வார்த்தை: பாதரசம் அலுமினியத்தை அரிக்கும், விமானத்தின் உடம்பில் பெரும்பகுதி அலுமினியம். பெட்டியில் போட முடியாது, தபாலிலும் முடியாது. சுவரோடு இருக்கட்டும், படம் எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

பார்சல்

தபாலை நாம் ரொம்பக் குறைவாக மதிக்கிறோம். 2 கிலோ வரை சின்னப் பொட்டலமாக அனுப்பலாம். பெரிய பார்சலென்றால் நாட்டைப் பொறுத்து 20 அல்லது 30 கிலோ வரை போகும். புத்தகத்துக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. கனம் அதிகம், கீழே விழுந்தாலும் மூலைதான் நசுங்கும். பிளாஸ்டிக் உறை ஒன்று போட்டுவிட்டால் மழைக்கும் பயமில்லை.

பீங்கானைப் பார்சலில் அனுப்ப மட்டும் எனக்கு மனசு வராது. கூரியர் வேகமாக வரும், காசும் நிறைய வாங்கும். ஆனால் பழம்பொருளுக்கும் கண்ணாடிக்கும் ஈடு கிடையாது என்று நிபந்தனையில் பொடி எழுத்தில் இருக்கும். கையெழுத்துப் போடுமுன் படித்துவிடுங்கள்.

சுங்க விஷயமும் இருக்கிறது. கையோடு கொண்டுவரும் சாமானுக்குப் பயணிகளுக்கென்று வரிவிலக்கு உண்டு. பார்சலில் வந்தால் பொதுவாக அது பொருந்தாது, வேறு கணக்கு. 100 வயது தாண்டிய பழம்பொருளுக்கு உலக சுங்கப் பட்டியலில் 9706 என்று தனித் தலைப்பே உண்டு, பல நாடுகளில் வரியும் குறைவு. ஆனால் வயதுக்குச் சான்று கேட்பார்கள், சந்தைக்காரர் அடித்துச் சொன்னது சான்று ஆகாது. தவிர, அவ்வளவு பழசு என்றால் வாங்கிய நாட்டிலிருந்து வெளியே கொண்டுபோகவே அனுமதி தேவைப்படலாம். யானைத் தந்தம், ஆமை ஓட்டுச் சீப்பு இவற்றுக்கு உரிய அனுமதி இல்லாமல் மூன்று வழியுமே அடைப்பு. அழியும் அபாயத்தில் உள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்த 1975 முதல் நடப்பில் உள்ள சைட்டிஸ் உடன்படிக்கைக்கு 'பாட்டி காலத்துச் சீப்பு' என்கிற சமாதானம் போதாது, காகிதம் வேண்டும்.

நான் பிரித்தது இப்படி. தபால் அட்டைகள் கேபினில், கனமே இல்லை, தொலைந்தால் திரும்பக் கிடைக்காது. தட்டச்சுப்பொறியும் தராசும் ஜீன்ஸுக்கு நடுவே பெட்டியில். புத்தகங்கள் தபாலில், அவை சாவகாசமாக ஐந்து வாரம் கழித்து வந்தன. கோப்பைகளில் நாலு கேபினில். இடம் இல்லாமல் இரண்டைப் பெட்டியில் வைத்தேன். கைப்பிடி வளையத்துக்குள் காகிதம் அடைக்க வேண்டும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

ஒரு கைப்பிடி போய்விட்டது. மூன்றாம் நாளே விமான நிறுவனத்துக்கு எழுதிப் போட்டேன். மரியாதையான பதில் வந்தது: கோப்பை வாங்கிய அசல் ரசீதை இணைத்து அனுப்பவும். என்னிடம் இருந்தது சந்தைக்காரர் அதைச் சுற்றிக் கொடுத்த பழைய செய்தித்தாள் மட்டும்தான்.