‘லவ் ஆக்சுவலி’: 21 டிசம்பர்கள் பார்த்த பிறகு

நவம்பர் மாத நடுவில் எங்கள் வீட்டு டிவிடி பிளேயரின் தட்டு வெளியே வர மறுத்துவிட்டது. உள்ளே ‘லவ் ஆக்சுவலி’ சிக்கிக்கொண்டிருந்தது. போன டிசம்பரில் போட்டது. அதற்குப் பிறகு அந்தப் பெட்டியை யாரும் தொடவில்லை. கிழக்கு லண்டனின் ஈஸ்ட் ஹாமில் பழுது பார்ப்பவர் ஒருவரிடம் தூக்கிக்கொண்டு போனேன். அவர் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, 35 பவுண்டு ஆகும், அந்தக் காசுக்குப் புதிதே வாங்கிவிடலாம் என்றார். பெட்டி போனால் போகட்டும், வட்டில் ஒரு கீறல்கூட விழக்கூடாது என்றேன். இந்தப் படம் இப்போது கைப்பேசியிலேயே கிடைக்கிறதே என்று அவர் சொன்னது உண்மைதான். ஆனால் அது 2004 டிசம்பரில், லண்டனுக்கு வந்த இரண்டாவது குளிர்காலத்தில், என் முதல் சம்பளத்தில் வாங்கிய வட்டு. அன்றிலிருந்து ஒரு டிசம்பர்கூடத் தவறியதில்லை.

அதே வாரம் கோவையிலிருந்து என் கல்லூரித் தோழி கேட்டாள். ஒருவர் இந்தப் படத்தைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார், இன்னொருவர் குப்பை என்கிறார், நீதான் ஆண்டுதோறும் பார்க்கிறாயே, எது உண்மை என்று. மகளோடு உட்கார்ந்து பார்க்கலாமா, அந்த வட்டை யாரிடமாவது கொடுத்தனுப்ப முடியுமா என்றும் கேட்டாள். வட்டை அனுப்பிப் பயனில்லை. பிரிட்டனில் விற்ற டிவிடி இரண்டாம் மண்டலக் குறியீடு கொண்டது, இந்தியாவுக்கு ஐந்தாம் மண்டலம். மண்டலம் மாறினால் பெட்டியில் ஓடாது. அம்மாவுக்காகத் திருச்சிக்கு ஒருமுறை எடுத்துப்போய், நீலத் திரையைப் பார்த்துவிட்டுத் திரும்பியவள் நான். பதிலை மட்டுமாவது முழுதாக எழுதிவிடுகிறேன்.

கதைச் சுருக்கம் சொல்லப் போவதில்லை. ரிச்சர்ட் கர்ட்டிஸ் எழுதி, முதன்முதலாக இயக்கி, 2003-இல் வெளிவந்த படம். கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஐந்து வாரங்கள், லண்டன், ஒன்றோடொன்று பின்னிய பல காதல் கதைகள், இரண்டேகால் மணி நேரம். இவ்வளவு போதும்.

நான் சொல்ல வேண்டியது ஒரு படுக்கை விரிப்பைப் பற்றி.

எம்மா தாம்சன் நடித்த கேரன், கணவனின் கோட்டுப் பையில் ஒரு நகைப்பெட்டியைப் பார்த்துவிடுகிறாள். தங்கச் சங்கிலி, இதய வடிவப் பதக்கம். தனக்குத்தான் என்று நினைத்துக்கொள்கிறாள். பரிசைப் பிரிக்கும் மாலையில் அவள் கைக்கு வருவது பாடகி ஜோனி மிட்செலின் இசைத்தட்டு. அப்படியானால் சங்கிலி வேறொருத்திக்கு. குழந்தைகள் சுற்றி நிற்கிறார்கள், கணவன் எதிரில் இருக்கிறான். முகத்தில் எதையும் காட்டாமல் நன்றி சொல்லிவிட்டு, ஒரு நிமிடம் என்று எழுந்து படுக்கையறைக்குப் போகிறாள். அந்தத் தட்டிலிருக்கும் பாடல் ஒலிக்கிறது. அறை நடுவில் நின்றபடியே அழுகிறாள். உட்காரவில்லை, சாயவில்லை, கண்ணாடி பார்க்கவில்லை. விரல்களால் கன்னத்தை ஒற்றிக்கொள்கிறாள். பிறகு குனிந்து, கசங்கியிருந்த படுக்கை விரிப்பின் ஓரத்தை இழுத்துச் சரி செய்கிறாள். வெளியே வரும்போது பள்ளி நாடகத்துக்குக் கிளம்பி நிற்கும் பிள்ளைகளைப் பார்த்து, அடடா எல்லோரும் தயாராகிவிட்டீர்களே என்று குரலில் மலர்ச்சி.

26 வயதில் முதலில் பார்த்தபோது அந்த விரிப்பு என் கண்ணில் படவே இல்லை. அழுகையைத்தான் பார்த்தேன். மகள் பிறந்து, இரவுப் பணியும் வீடுமாக ஓடிய ஆண்டுகளில் ஒரு டிசம்பரில் திடீரென்று அந்தக் கை தெரிந்தது. மனம் உடைந்து கிடக்கும்போதும் கை தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. என் அம்மா அப்படித்தான். அப்பாவின் செய்தி வந்த இரவு, வீடு நிறைய ஆட்கள் இருக்க, அடுக்களையில் தனியாக நின்று பால் பாத்திரத்தை மூடி வைத்தவள் அவள். யாரும் சொல்லிச் செய்ததில்லை. எம்மா தாம்சனுக்கு இயக்குநர் அதைச் சொல்லிக்கொடுத்தாரா, அவரே செய்தாரா என்பது எனக்கு முக்கியமில்லை. தன் சொந்த மணவாழ்வு உடைந்தபோது பட்டதிலிருந்தே அந்தக் காட்சியை நடித்ததாகப் பின்னாளில் அவர் வெளிப்படையாகச் சொன்னார். பார்க்கும்போதே அது தெரிகிறது.

பாடலையும் கவனிக்க வேண்டும். ‘போத் சைட்ஸ் நவ்’ ஜோனி மிட்செல் இருபதுகளில் எழுதியது. 1969-இல் மெல்லிய இளங்குரலில் பதிவு செய்தார். படத்தில் வருவது அதுவன்று, 2000-இல் இசைக்குழுவோடு மீண்டும் பாடியது. அப்போது அவருக்கு 56 வயது. குரல் இறங்கி, கரகரத்து, சொற்களுக்கிடையே மூச்சு கேட்கிறது. எழுதியபோது அனுமானித்ததை வாழ்ந்து முடித்துவிட்டுப் பாடுகிறார். இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேட்டுப்பாருங்கள். இந்தக் காட்சி ஏன் நெஞ்சைப் பிடிக்கிறது என்று விளங்கும்.

இனி எரிச்சல்.

சாரா. லாரா லின்னி நடித்த பாத்திரம். அலுவலகத்தில் கார்ல் என்பவன்மீது இரண்டரை ஆண்டுகளுக்கு மேலாக ஆசை வைத்திருக்கிறாள். கடைசியில் அவன் அவள் வீட்டுக்கு வருகிறான். அந்த நேரத்தில் தொலைபேசி அடிக்கிறது. மனநலக் காப்பகத்தில் இருக்கும் அண்ணன் மைக்கேல். எடுக்கிறாள். மறுபடியும் அடிக்கிறது. நீ பேசினால் அவனுக்குக் குணமாகுமா என்கிறான் கார்ல். ஆகாது என்கிறாள். அப்படியானால் எடுக்காதே என்கிறான். எடுக்கிறாள். கார்ல் கதை அத்தோடு முடிந்தது.

இதுவரை எனக்குக் குறையில்லை. படத்திலேயே மிக உண்மையான முடிவு அது. என் கோபம் அதற்குப் பிறகு. ஒரு மாதம் கழித்து ஹீத்ரோ விமான நிலையத்தில் ஒவ்வொருவராக வந்து சேர்கிறார்கள். பிரதமர் வருகிறார், காதலி பாய்ந்து கட்டிக்கொள்கிறாள். சிறுவன் தன் தோழியை வரவேற்கிறான். அமெரிக்காவுக்குப் பெண் தேடிப்போன அந்த அசட்டுப் பையன்கூட இருவரோடு வந்து இறங்குகிறான். சாரா இல்லை. வெளியூர் போய்வந்தவர்களின் கூட்டத்தில் ஓரமாக ஒரு நிமிடம் அவளை நிறுத்த இயக்குநருக்கு மனம் வரவில்லை. அண்ணனைப் பார்த்துக்கொள்கிற பெண்ணுக்குக் காதல் படத்தில் இடம் முடிந்துவிட்டது, போகலாம் என்று அனுப்பிவிட்டார். 21 முறையும் அந்தக் கூட்டத்தில் அவளைத் தேடியிருக்கிறேன். ஆறாம் முறையிலேயே தேடுவதை விட்டிருக்கலாம். முடியவில்லை.

மற்ற குறைகள் ஊரறிந்தவை, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பிரதமரின் காதலியாக வரும் நட்டாலியைப் படம் முழுக்கக் குண்டு, பருமன் என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள், பெற்ற அப்பா உட்பட. அவள் குண்டும் இல்லை, இருந்தாலும் அது சிரிக்கிற விஷயமில்லை. கர்ட்டிஸே 2023-இல் தன் மகளோடு மேடையில் பேசும்போது, அந்த நகைச்சுவைகள் இனிச் செல்லாது என்று ஒப்புக்கொண்டார். அவரை முதலில் கண்டித்ததும் அந்த மகள்தான். நடிகர் கூட்டத்தில் பல இன மக்களுக்கும் இடமில்லாமல் போனது தனக்கு உறுத்துவதாகவும் முந்தைய ஆண்டு ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் சொல்லியிருந்தார். பல இன மக்கள் வாழும் ஈஸ்ட் ஹாம் தெருவில் நடந்துவிட்டு வந்து இந்தப் படத்தைப் பார்த்தால், அது எந்த லண்டன் என்று கேட்கத் தோன்றும். சுவெட்டல் எஜியோஃபர் போன்ற நடிகரை மணமகனாக நிறுத்தி, சோபாவில் உட்காரவைத்துவிட்டார்கள்.

அவர் உட்கார்ந்திருக்கும்போதுதான் அந்த அட்டைக் காட்சி. அவருடைய உயிர்நண்பன் வாசலில் நின்று, புது மனைவியிடம் அட்டை அட்டையாகத் தன் காதலைக் காட்டுகிறான். ஊரெல்லாம் போற்றும் காட்சி. என் மகளுக்கு அதைக் கண்டாலே ஆகாது. திருமணமான பெண்ணின் வாசலில் வந்து, கணவன் காதில் விழாமல் பொய் சொல்லச் சொல்லி நிற்பவனை எப்படி ரசிக்கிறீர்கள் என்று பதினைந்து வயதில் கேட்டாள். படப்பிடிப்பின்போது அந்த மனைவியாக நடித்த கீரா நைட்லிக்கு 17 வயதுதான் என்பதையும் அவள்தான் கண்டுபிடித்துச் சொன்னாள். முதலில் எனக்குக் கோபம் வந்தது. பிறகு பார்த்தபோது அவள் சொன்னதே கண்ணில் நின்றது. அந்தக் காட்சி எனக்கும் போய்விட்டது.

வந்த நாளிலிருந்தே அபிப்பிராயம் இரண்டுதான். செரிக்காத கிறிஸ்துமஸ் புட்டிங் என்ற பொருளில் எழுதியது நியூயார்க் டைம்ஸ். 4 கோடி டாலர் அளவில் எடுத்து, 24 கோடிக்கும் மேல் ஈட்டினார்கள். இதில் நடித்த பில் நை என்பவருக்கு பிரிட்டனின் திரைப்பட விருதான பாஃப்டா கிடைத்தது. 2013-இல் த அட்லாண்டிக் இதழில் கிறிஸ்டோபர் ஓர், எக்காலத்திலும் இவ்வளவு காதலற்ற படம் வந்ததில்லை என்று எழுதினார். இதில் யாரும் யாரோடும் பேசிப் பழகிக் காதலிப்பதில்லை, பார்த்ததும் ஆசை, பிறகு ஒரு பெரிய அறிவிப்பு, அவ்வளவுதான் என்பது அவர் வாதம். பாதிக்கு மேல் ஒப்புக்கொள்கிறேன். காலின் ஃபர்த் நடித்த எழுத்தாளனும் அவன் வீட்டில் வேலை செய்யும் போர்ச்சுகல் பெண்ணும் ஒருவர் மொழியை ஒருவர் அறியாமலே காதலில் விழுந்துவிடுகிறார்கள். பழகிப் பேசுகிற ஜோடி ஒன்றே ஒன்று உண்டு: படப்பிடிப்பில் மாற்று நடிகர்களாக ஆடையின்றி நிற்கும் ஜானும் ஜூடியும். போக்குவரத்து நெரிசலைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள், வீட்டு வாசலில் வெட்கத்தோடு முத்தமிட்டுக்கொள்கிறார்கள். படத்திலேயே கண்ணியமான காதல் அதுதான். ஆனால் தோழி, மகளோடு பார்ப்பதானால் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொள். நம் வீட்டுக் கூடத்தில் அதைச் சேர்ந்து பார்க்க முடியாது.

ஓர் ஒப்புக்கொள்ளாத பாதியும் இருக்கிறது. கட்டுரை எழுதுபவர்கள் காதல் தொடங்கும் இடங்களைத்தான் எடைபோடுகிறார்கள். தொடங்குவதில் இந்தப் படம் மலிவுதான். தேய்வதில் அது பொய் சொல்லவில்லை. கேரனின் கணவன் உண்மையில் எதுவரை போனான் என்று எங்கள் வீட்டிலேயே பல டிசம்பர்கள் வாக்குவாதம் நடந்திருக்கிறது. ஒரு சங்கிலி வாங்கிக் கொடுத்தான், அதற்கு மேல் படத்தில் எதுவும் காட்டவில்லையே என்பார் என் கணவர். கர்ட்டிஸின் துணைவியும் படத்தின் திரைக்கதையைச் செப்பனிட்டவருமான எம்மா ஃப்ராய்ட், அது வெறும் சங்கிலி இல்லை, உறவேதான் என்று 2015-இல் சொல்லிவிட்டார். எனக்கு அந்தச் சான்று தேவைப்படவில்லை. கடைசியில் விமான நிலையத்தில் அவன் வருகிறான், எப்படி இருக்கிறாய் என்கிறான். நன்றாக இருக்கிறேன், வீட்டுக்குப் போகலாம் என்கிறாள். கட்டிக்கொள்ளும் கூட்டத்துக்கு நடுவே இந்த இரண்டு பேர் மட்டும் உறவினரை அழைக்க வந்தவர்களைப் போல நிற்கிறார்கள். அந்தக் கணவனாக நடித்த ஆலன் ரிக்மன் 2016-இல் இறந்துபோனார். அடுத்த ஆண்டு நிதி திரட்டுவதற்காக எடுத்த குறும்படத் தொடர்ச்சியில் இந்தக் குடும்பம் வரவில்லை. வராததே நல்லது.

அந்த வருகை வாயிலைப் பற்றி ஒன்று. படம் தொடங்குவதும் முடிவதும் அங்கேதான். ஓடிவந்து தழுவிக்கொள்ளும் முகங்களில் பெரும்பாலானவை ஹீத்ரோவில் மறைவாகப் படமெடுத்த உண்மை மனிதர்களுடையவை. இரட்டைக் கோபுரத் தாக்குதலில் இறந்தவர்களின் கடைசி அழைப்புகளைப் பின்னணிக் குரல் குறிப்பிடுவது எனக்கு இன்றும் உறுத்துகிறது. அவ்வளவு பெரிய துயரத்தை இப்படி ஒரு படத்துக்கு முன்னுரையாக்கியிருக்க வேண்டாம். இருந்தும் அந்த முகங்களை நான் கடந்துபோனதில்லை. 2007-இல் அப்பா ஒரே ஒரு முறை லண்டன் வந்தார். அதே கம்பித் தடுப்புக்குப் பின்னால் நான் நின்றேன். அவர் தழுவவில்லை. தோளில் கைகூட வைக்கவில்லை. கைப்பையை என்னிடம் நீட்டி, “நேராகப் பிடிம்மா, மாவடு இருக்கிறது” என்றார். விமானப் பயணம் முழுவதும் அதை மடியிலேயே வைத்திருந்திருக்கிறார். திரையில் எத்தனையோ பேர் கட்டிக்கொள்கிறார்கள். எனக்கு அந்தப் பைதான் தெரிகிறது.

தோழி, இவ்வளவு எழுதிய பிறகு என் முடிவைச் சொல்கிறேன். மகளோடு பார்க்காதே. குடும்பத்தோடு பார்க்கலாம் என்று யாருக்கும் சொல்லாதே. பத்துக்கு ஐந்து மதிப்பெண்ணுக்கு மேல் தரமாட்டேன். இந்த ஆண்டு சாராவுக்காக இன்னும் அரை மதிப்பெண்ணைக் குறைக்கிற மனநிலையில் இருக்கிறேன். வட்டு பத்திரமாக வெளியே வந்துவிட்டது, கீறல் இல்லை. 24-ஆம் தேதி மாலை போடுவேன்.

நீ பார்ப்பதானால் பிள்ளைகள் தூங்கிய பிறகு தனியாகப் பார். கேரன் விரிப்பைச் சரி செய்துவிட்டு அறையைவிட்டு வெளியே போனதும் நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிடு. இங்கே மணி உங்களைவிட ஐந்தரை மணி நேரம் பின்னால்தான். அங்கே எவ்வளவு நேரமானாலும் எடுப்பேன்.