என் பழைய நம்பரும் புளியங்குடி அண்ணாச்சியும்

ஜெர்மனியிலிருந்து தென்காசிக்கு வந்தால், முன்பெல்லாம் பாஸ்போர்ட்டும் கையில் நாலு நோட்டும் இருந்தால் போதும். இப்போது தொட்டதற்கெல்லாம் ஓடிபி. இந்திய நம்பர் கையில் இல்லாதவர் பாடு திண்டாட்டம்தான். இந்த முறை நான் அலைந்த அலைச்சலை எழுதி வைக்கிறேன். அடுத்து ஊருக்குக் கிளம்புகிறவர்களுக்கு ஒரு நடையாவது மிச்சமாகட்டும்.

முதலில் நம்பர் எப்படிப் போகிறது என்று சொல்லிவிடுகிறேன். ப்ரீபெய்டு சிம்மை 90 நாள் உபயோகிக்காமல், கணக்கில் காசும் இல்லாமல் விட்டால் கம்பெனி அதைத் துண்டித்துவிடலாம். துண்டித்த பிறகு குறைந்தது 90 நாள் அந்த நம்பரை யாருக்கும் கொடுக்கக் கூடாது. அதற்கப்புறம் அது இன்னொருவர் சொத்து. அங்கிருந்தபடியே ரீசார்ஜ் செய்ய எவ்வளவோ பார்த்தேன். என் ஜெர்மன் கார்டை சிம் கம்பெனியின் ஆப் ஏற்கவே இல்லை. உதவி கேட்டு எழுதினால், “உங்கள் இந்திய நம்பருக்கு ஓடிபி அனுப்பியுள்ளோம்” என்று பதில் வந்தது. வேலை செய்யாத அதே நம்பருக்கு!

சென்னையில் இறங்கியதும் பொதிகை எக்ஸ்பிரஸில் தட்கல் போடலாம் என்று பார்த்தால் அங்கேயும் அதே கதை. 2025 ஜூலை 1 முதல் ஆன்லைனில் தட்கல் எடுக்க ஆதார் சரிபார்த்த கணக்கு வேண்டும், அந்த மாதம் 15 முதல் ஓடிபியும் வேண்டும். ஆதாரில் இருந்ததோ என் பழைய நம்பர். கடைசியில் அக்கா மகன் அவன் போனிலிருந்து ஒரு பஸ் டிக்கெட் போட்டுக் கொடுத்தான்.

டீக்கடையில் 500 ரூபாயை நீட்டினால், “சில்லறை இல்லக்கா, ஜிபே பண்ணிருங்க” என்கிறார்கள். வெளிநாட்டு நம்பரிலேயே யுபிஐ வைத்துக்கொள்ளலாம் என்று 2023 ஜனவரியில் அறிவித்தார்கள். ஆனால் அந்த 10 நாடுகளில் ஜெர்மனி இல்லை. துபாய்க்காரருக்கும் சிங்கப்பூர்க்காரருக்கும் உள்ள வசதி எங்களுக்கும் வரவேண்டும். அந்தக் கடைக்காரர், “நாளைக்கு வரும்போது கொடுங்க” என்று டீயைக் கையில் கொடுத்துவிட்டார். முன்பின் பார்த்திராத மனிதர்!

அடுத்தது பாங்க். இரண்டு வருஷம் நாமாகப் பணம் போடாமல் எடுக்காமல் இருந்தால் அது செயல்படாத கணக்காகிவிடும். அதைத் திரும்பத் திறக்கக் கட்டணம் வாங்கக் கூடாது, குறைந்தபட்ச இருப்பு இல்லையென்று அபராதமும் போடக் கூடாது. 2024 ஏப்ரல் 1 முதல் இது ரிசர்வ் வங்கி உத்தரவு. கவுண்டரில் இருந்த தம்பிக்கு அதெல்லாம் நன்றாகவே தெரிந்திருந்தது. ஏதோ தட்டிவிட்டு நிமிர்ந்தார்.

“மேடம், ஒரு ஓடிபி வந்திருக்கும். சொல்லுங்க.”

“அந்த நம்பர் இப்ப என்னுது இல்ல தம்பி.”

“அப்ப நம்பரை மாத்தணும்.”

“மாத்துங்க.”

“மாத்தணும்னா பழைய நம்பருக்கு ஒரு ஓடிபி போகுமே.”

அக்கா போனை வாங்கி என் பழைய நம்பருக்கே அடித்தேன். அந்தப் பக்கம் ஒரே கூச்சல், யாரோ விலை கூவிக்கொண்டிருந்தார்கள். “யாரு பேசுதீங்க?” என்றார் ஒருவர். பேரைச் சொன்னேன்.

“யம்மா, நீங்களா! பாங்குல இருந்து உங்க பேருக்குத்தான எனக்கு மெசேஜா வருது. போன மாசம் உங்களுக்குப் பொறந்தநாள்லா?”

ஸ்பீக்கரில் இருந்ததால் கவுண்டரே சிரித்துவிட்டது. பேசியவர் புளியங்குடியில் எலுமிச்சை வியாபாரம் செய்யும் அண்ணாச்சி. “இப்பக்கூட ஒரு நம்பர் வந்து கெடக்கு, வாசிக்கட்டா?” என்றார். கவுண்டர் தம்பி இரண்டு கையையும் ஆட்டினார், வேண்டவே வேண்டாம் என்று. அவர் செய்தது முழுக்கச் சரி. அண்ணாச்சியிடம் சொன்னதும் அவரும் உடனே புரிந்துகொண்டார்.

பிறகுதான் அவருடைய கஷ்டம் தெரிந்தது. அதே பாங்கில் அவருக்கும் கணக்கு உண்டு. ஆனால் அவர் நம்பர் என் பேரில் பதிந்திருப்பதால் ஆப் திறக்கவில்லை. “கேரளா பார்ட்டிங்க பூரா போன்லதான் துட்டு போடுதாங்க. எனக்கு வர வேண்டியது மவன் நம்பருக்குப் போவுது. அவன் செலவழிச்சிருதாம்மா!” என்றார். ஒரு நம்பர் கை மாறினால் கெட்டது ஒருவர் வேலை மட்டுமல்ல. துண்டித்த நம்பர்களின் பட்டியலைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் வெளியிடுகிறது. பாங்குகள் அதைப் பார்த்துத் தாங்களாகவே பழைய நம்பரை நீக்கலாமே!

மேனேஜர் நல்ல மனுஷி. நேரில் வந்திருப்பதால் கடிதமும் பாஸ்போர்ட்டும் வைத்து நம்பரை மாற்றிக்கொள்ளலாம் என்றார். வெளிநாட்டில் குடியிருப்பவர் சாதாரண சேமிப்புக் கணக்கு வைத்திருக்கக் கூடாது என்பதால், அதை வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்றும் படிவத்தையும் கையோடு கொடுத்தார். வரும்போது குடியிருப்பு அனுமதி அட்டையையும் அங்குள்ள முகவரிக்கு ஒரு சான்றையும் மறக்காமல் எடுத்து வாருங்கள்.

எந்த வேலையை முதலில் செய்வது என்பதுதான் முக்கியம். முதலில் புது சிம். அதற்கு ஆதாரில் உள்ள கைரேகை போதும், ஓடிபி போவது மாற்று நம்பருக்குத்தான். அதற்கு அக்கா போனைக் கொடுத்தேன். கடைத் தம்பி துணியால் என் விரலைத் துடைத்துத் துடைத்துக் கடைசியில் கட்டைவிரலில் பச்சை விளக்கை வரவழைத்தார். அடுத்து ஆதார் மையத்தில் நம்பர் மாற்றம். இதற்கு எந்த ஆவணமும் வேண்டாம், ஆள் நேரில் போனால் போதும். 2025 அக்டோபரிலிருந்து கட்டணம் 75 ரூபாய். அதற்குப் பிறகுதான் பாங்க். இந்த வரிசையில் போனால் அலைச்சல் பாதி குறையும்.

இவ்வளவுக்கும் நடுவில் மனதைக் குளிர வைத்தது டவுன் பஸ். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசு கிடையாது. ஏறி உட்கார்ந்தேன். கண்டக்டர் விலையில்லா டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போனார். நம்பரும் கேட்கவில்லை, சில்லறையும் கேட்கவில்லை. பூக்காரம்மாவிலிருந்து கல்லூரிப் பிள்ளைகள் வரை பஸ் நிறையப் பெண்கள். எந்த நாட்டிலும் இப்படி நிம்மதியாக நான் பஸ் ஏறியதில்லை.

என் பாங்க் கணக்கிலிருந்து பழைய நம்பர் விடுபட்ட அன்று சாயங்காலமே அண்ணாச்சிக்கு ஆப் திறந்துவிட்டது. சந்தோஷத்தில் தென்காசி வந்த லாரியில் ஒரு பை எலுமிச்சை கொடுத்தனுப்பினார். அக்கா வீட்டில் இரண்டு ஜாடி ஊறுகாய் போட்டோம். இன்ஷூரன்ஸ் பாலிசியில் மட்டும் இன்னும் பழைய நம்பர்தான் இருக்கிறது. அதை மாற்றுவதற்குள் லீவு முடிந்துவிட்டது. பிரீமியம் கட்டச் சொல்லி மெசேஜ் வந்தால் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவதாக அண்ணாச்சி ஒத்துக்கொண்டிருக்கிறார்.