மும்பை மழையும் பறவை பார்த்தலும்: பைனாகுலரா, சூப்பர்ஜூம் கேமராவா?

பறவை பார்க்கத் தொடங்குகிறவர் முதலில் வாங்க வேண்டியது பைனாகுலரா, நீண்ட ஜூம் கொண்ட, லென்ஸ் கழற்ற முடியாத சூப்பர்ஜூம் கேமராவா என்ற கேள்விக்கு மதுரையில் இருப்பவரும் மும்பையில் இருப்பவரும் ஒரே விடையைச் சொல்ல முடியாது என்று நினைக்கிறேன். இரண்டையும் சில ஆண்டுகள் வைத்திருந்து, பின்னர் கேமராவை விற்றுவிட்டு, இப்போது 8×42 (8 மடங்கு பெரிதாக்கும், முன்வில்லை 42 மி.மீ. விட்டம்) பைனாகுலர் ஒன்றை மட்டும் கழுத்தில் மாட்டிக்கொண்டு மும்பைப் புறநகரான முலுண்டிலிருந்து பாண்டுப் உப்பளங்களுக்கும் போரிவிலி காட்டுக்கும் (சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா) போய்வருகிறவன் நான். ஆகவே இந்த அலசல் எந்தப் பக்கம் சாயும் என்பதில் ஒளிவுமறைவு இல்லை.

விலையிலும் எடையிலும் பைனாகுலர் முந்துகிறது. படம் எடுப்பதில் கேமரா முந்துகிறது. இதில் விவாதிக்க ஒன்றுமில்லை. கேமராவின் உண்மையான பெருமை, சந்தேகத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து தீர்த்துக்கொள்ள முடிவதில்தான் இருக்கிறது. குளிர்காலத்தில் தாணே கழிமுகச் சேற்றில் ஒரே பழுப்புச் சாம்பல் நிறத்தில் ஓடித் திரியும் உள்ளான், உப்புக்கொத்தி ஆகிய சிறு கரைப்பறவைகளை அங்கேயே நின்று பிரித்தறிவது பழகியவர்களுக்கே கடினம். அலகின் நீளம் தெரியும்படி ஒரு படம் கையில் இருந்தால் மாலையில் கையேட்டைப் பிரித்துவைத்து முடிவுக்கு வந்துவிடலாம். பூநாரைகளுக்கு அந்த உதவிகூடத் தேவையில்லை. வெளிர் இளஞ்சிவப்பு அலகும் அதன் நுனியில் மட்டும் கறுப்பும் இருந்தால் அது பெரிய பூநாரை, அலகு முழுவதும் கருஞ்சிவப்பாக இருந்தால் சிறிய பூநாரை என்பதை 8 மடங்குப் பெரிதாக்கலே காட்டிவிடும்.

பார்வைப் பரப்பில் நிலைமை தலைகீழாகிறது. முழு ஜூமில் (35 மி.மீ. கேமராவில் 2000 மி.மீ. லென்ஸுக்கு இணையானது) கேமரா காட்டுவது, 100 மீட்டர் தொலைவில் ஏறக்குறைய 1.8 மீட்டர் அகலமுள்ள துண்டை மட்டுமே. அதே தொலைவில் 7.5 பாகைப் பார்வைக்கோணம் உள்ள 8×42 பைனாகுலர் சுமார் 13 மீட்டர் அகலத்தைக் காட்டுகிறது. சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவின் மர நிழலில், கிளைவிட்டுக் கிளை தாவும் அரசவால் ஈப்பிடிப்பானைத் தேட இந்த வேறுபாடு ஒன்றே போதும். கேமராவின் ஆட்டோஃபோகஸ் முன்னால் இருக்கும் சுள்ளியைப் பிடித்துக்கொண்டு விடாமல் நிற்கும்போது பறவை அடுத்த மரத்துக்குப் போய்விட்டிருக்கும். கழிமுகப் படகிலோ முழு ஜூமில் கேமராவை நிலையாகப் பிடிப்பதே பெரும்பாடு. 10 மடங்குப் பைனாகுலரைவிட 8 மடங்கை நான் தேர்ந்ததற்கும் கை நடுக்கம்தான் காரணம்.

இவ்வளவையும் பழக்கத்தால் சமாளித்துவிடலாம். சமாளிக்க முடியாதது ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான ஈரக்காற்று. காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேல் நாட்கணக்கில் நீடித்தால் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும் வாய்ப்பு கூடுகிறது; மும்பையின் ஜூலையில் அது 80 சதவீதத்தைத் தாண்டுவது சர்வசாதாரணம். சூப்பர்ஜூம் கேமராவின் லென்ஸ் நீண்டு சுருங்கும் ஒவ்வொரு முறையும் சைக்கிள் பம்பைப் போல வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது. அந்தக் காற்றோடு ஈரமும் தூசியும் பூஞ்சை வித்துகளும் போகின்றன. இருட்டான அலமாரியில் பை மூடிக் கிடக்கும் கேமராவுக்குள் அவை நிம்மதியாக வளர்கின்றன. லென்ஸைச் சாய்த்துப் பிடித்து டார்ச் அடித்தால், விளிம்பிலிருந்து நடுவை நோக்கி வெண்ணிற நூலிழைகள் கிளைவிட்டுப் பரவியிருப்பது தெரியும். அவை சுரக்கும் அமிலம் கண்ணாடியின் மேற்பூச்சை அரித்துவிட்டால், துடைத்த பிறகும் தடம் போகாது. லென்ஸைக் கழற்ற முடியாத கேமரா என்பதால், உள்ளே துடைக்க வேண்டுமானால் முழுவதையும் பிரித்தாக வேண்டும். மும்பையின் கோட்டைப் (Fort) பகுதிப் பழைய கேமராக் கடைகளில் விற்கப் போனால் முதலில் டார்ச்சைத்தான் எடுப்பார்கள். இழை தெரிந்துவிட்டால் அதன் பிறகு பேரத்துக்கு இடமில்லை.

தடுக்க வழி உண்டு. காற்றுப் புகாத டப்பா, அதற்குள் சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சிறிய மானி ஆகியவற்றைக் கொண்டு உள்ளே 40 முதல் 50 சதவீதத்தில் நிறுத்திவைக்கலாம். ஆரஞ்சு நிற ஜெல் ஈரத்தை உறிஞ்சி நிறம் மாறியதும் மிதமான சூட்டில் வறுத்தால் மீண்டும் பயன்படும். எங்கள் வீட்டில் அதற்கென்றே பழைய வாணலி ஒன்று ஒதுக்கப்பட்டிருக்கிறது, சமையல் பாத்திரத்தில் கைவைக்கக் கூடாது என்பது சமையலறையின் கண்டிப்பான உத்தரவு. மழைக்காலம் முழுவதும் இதைத் தவறாமல் செய்ய முடிந்தவர்களுக்குக் கேமரா பிழைக்கும். கேமராவை அரிசிக்குள் புதைத்து வைப்பவர்கள் ஈரத்துக்குப் பதிலாக மாவுத்தூசியை வரவழைத்துக்கொள்கிறார்கள்.

நைட்ரஜன் நிரப்பி, ரப்பர் வளையங்களால் அடைக்கப்பட்ட பைனாகுலருக்கு இந்தப் பராமரிப்பில் பெரும்பகுதி தேவைப்படுவதில்லை. ஃபோகஸ் சக்கரத்தைத் திருப்பும்போது நகரும் லென்ஸ் உள்ளேயே இருப்பதால் வெளிக்காற்றுக்கு வழியில்லை. மழையில் நனைந்து வந்தால் துடைத்து, மின்விசிறிக் காற்றில் உலர்த்திவிட்டு, பைக்குள் போடாமல் திறந்த இடத்தில் மாட்டிவைத்தால் போதும். கொங்கணக் காடுகளுக்கு மூவிரல் மீன்கொத்தி கூடு கட்ட வருவதே மழைக்காலத்தில்தான் என்பதால், நனையத் தயங்காத கருவிக்கு இங்கே தனி மதிப்பு உண்டு. ஆனால் எல்லாப் பைனாகுலரும் அப்படி அல்ல. அடைப்பில்லாத விலை குறைந்த போரோ வகையில் (முன்வில்லை கண்வில்லைக்கு நேராக இல்லாமல் விலகியிருக்கும் வடிவம்) ஃபோகஸ் செய்யும்போது கண்வில்லையே முன்பின்னாக நகர்கிறது. அதற்கும் கேமராவைப் போலவே டப்பா வாழ்க்கைதான்.

மழைத்தடுப்புள்ள, லென்ஸ் மாற்றக்கூடிய மிரர்லெஸ் கேமராவையும் தொலைவுப் படத்துக்கான தனி டெலிலென்ஸையும் நான் வைத்திருந்ததில்லை; அவற்றைப் பற்றி என் அனுபவத்தில் சொல்ல எதுவும் இல்லை. அடைக்கப்பட்ட பைனாகுலரும் பத்துப் பதினைந்து மழைக்காலங்களைத் தாங்குமா என்பதற்கு நான் சாட்சி சொல்ல முடியாது. இதுவரை டார்ச் அடித்துப் பார்த்ததில் உள்ளே சுத்தமாக இருக்கிறது. இவ்வளவுக்குப் பிறகும் கேமராதான் வேண்டும் என்பவர்கள், மழை ஓய்ந்து வலசைப் பறவைகள் வரும் அக்டோபரில் வாங்குவது நல்லது. அடுத்த ஜூன் வரும்வரை டப்பாவும் ஜெல்லும் சேர்க்க அவகாசம் கிடைக்கும்.