சோர்ஸ் மாறியிருக்கிறது, கம்பைல் ஆகவில்லை: ஏஎஸ்/400-இல் எந்த வழியில் பிடிப்பது?

பெங்களூரின் எலக்ட்ரானிக் சிட்டி, ஒயிட்ஃபீல்டு பக்கம் ஏஎஸ்/400 (ஐபிஎம்மின் வணிகக் கம்ப்யூட்டர்) பராமரிப்பில் இருக்கும் தமிழர்களுக்கு இந்தத் தலைவலி புதிதல்ல. 1988-இல் வந்த மெஷின், பெயர்கள் மாறி இன்றும் ஓடுகிறது. டேட்டாபேஸ் ஆபரேட்டிங் சிஸ்டத்துக்குள்ளேயே இருப்பதால் ஆர்பிஜி (இந்த மெஷினின் முக்கிய புரோகிராமிங் மொழி) சோர்ஸும் ஒரு ஃபைலின் மெம்பராகத்தான் (உட்பிரிவாகத்தான்) கிடக்கிறது. ஆகவே சோர்ஸைத் திருத்திவிட்டு கம்பைல் செய்யாமல் விட்டதை எஸ்க்யூஎல் வைத்தே பிடிக்கலாம். வழிகள் நான்கு. என் ஓட்டு இரண்டாவதற்கு.

முதல் வழி எல்லோருக்கும் உடனே தோன்றுவது: மெம்பர் கடைசியாக மாறிய நேரம் புரோகிராம் உருவான நேரத்துக்குப் பிந்தியதா என்று பார்ப்பது. பாதி சரி. 10:00 மணிக்கு கம்பைல் தொடங்குகிறது, 10:01-க்கு யாரோ மெம்பரைத் திருத்தி சேவ் செய்கிறார், 10:02-க்கு புரோகிராம் உருவாகிறது என்றால் தேதிக் கணக்குப்படி எல்லாம் சுத்தம். உள்ளே இருப்பதோ பழைய சோர்ஸ். போதாக்குறைக்கு, ஆப்ஜெக்டை (கம்பைலில் உருவான புரோகிராமை) டூப்ளிகேட் எடுத்தாலே உருவான தேதி புதிதாகிவிடும்.

இரண்டாவது வழி, கம்பைலர் தானே விட்டுச் செல்லும் முத்திரையைப் பயன்படுத்துவது. கம்பைல் ஆகும்போது எந்த லைப்ரரி (ஃபைல்களையும் புரோகிராம்களையும் வைக்கும் தொகுப்பு), எந்த ஃபைல், எந்த மெம்பர், அந்த மெம்பர் கடைசியாக மாறிய நேரம் என்ன என்பது ஆப்ஜெக்டிலேயே பதிவாகிறது. ஆப்ஜெக்ட் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் ஃபங்ஷனில் சோர்ஸ் டைம்ஸ்டாம்ப் என்ற நெடுவரிசை அதுதான். அதை, மெம்பர்களின் விவரம் தரும் சிஸ்பார்ட்டிஷன்ஸ்டாட் வியூவின் லாஸ்ட் சோர்ஸ் அப்டேட் டைம்ஸ்டாம்ப்போடு ஃபைல், மெம்பர் பெயர் வைத்து ஜாயின் செய்யுங்கள். 'பெரியதா' என்று கேட்காதீர்கள், 'சமமில்லையா' என்று கேளுங்கள். பேக்கப்பிலிருந்து பழைய சோர்ஸை யாராவது திரும்பக் கொண்டுவந்து வைத்திருந்தாலும் அப்போதுதான் சிக்கும். இரண்டு நேரமும் வாடிக்கையாளரின் ஏஎஸ்/400 மெஷினுடையவை. இந்திய நேரத்துக்கு மாற்றும் வேலை வேண்டாம். வியூவை லைப்ரரி பெயர் கொடுத்துக் குறுக்குங்கள், மொத்த மெஷினையும் கேட்டால் குவெரி இழுத்துக்கொண்டே இருக்கும்.

ஓட்டையும் உண்டு. பல மாட்யூல்களை (தனித்தனியே கம்பைல் ஆன துண்டுகளை) சேர்த்துக் கட்டிய புரோகிராமுக்கு ஆப்ஜெக்ட் அளவிலான முத்திரை போதாது. பவுண்ட் மாட்யூல் இன்ஃபோ வியூவில் ஒவ்வொரு மாட்யூலாகப் பார்க்க வேண்டும். எஸ்க்யூஎல் கலந்த ஆர்பிஜி என்றால் மாட்யூலின் சோர்ஸாக கியூடெம்ப் லைப்ரரியின் தற்காலிக ஃபைல் தெரியலாம். அந்த வரிகள் ஜாயினில் சத்தமில்லாமல் விழுந்துவிடும், லெஃப்ட் ஜாயின் போட்டுத் தனியே பட்டியலிடுங்கள். டெவலப்மெண்ட் லைப்ரரியில் கம்பைல் செய்து புரொடக்ஷனுக்கு நகர்த்துகிற இடங்களில் முத்திரையில் டெவலப்மெண்ட் பெயரே நிற்கும். எந்த லைப்ரரிக்கு எது இணை என்று ஒரு சின்ன டேபிள் வேண்டும். சோர்ஸையும் காப்பி செய்வது உங்கள் வழக்கம் என்றால், காப்பியில் மெம்பரின் தேதி என்ன ஆகிறது என்று முதலில் ஒரு மெம்பரில் சோதித்துக்கொள்ளுங்கள்.

பெரிய ஓட்டை காப்பி மெம்பர்கள், அதாவது பல புரோகிராம்கள் கம்பைலின்போது உள்ளே இழுத்துக்கொள்ளும் பொது சோர்ஸ். பொதுவான டேட்டா ஸ்ட்ரக்சரை ஒருவர் திருத்தினால், அதை இழுக்கும் நாற்பது புரோகிராம்களின் சொந்த சோர்ஸ் அப்படியே இருக்கும், முத்திரையும் பொருந்தும். இதற்கு காப்பி, இன்க்ளூட் வரிகளைத் தேடி, எது எதை இழுக்கிறது என்ற பட்டியலை நாமே உருவாக்க வேண்டும்; காப்பிக்குள் காப்பி இருந்தால் அதையும் தொடர வேண்டும். இங்கே மட்டும் 'பெரியதா' என்ற ஒப்பீடுதான், மாட்யூல் உருவான நேரத்தோடு.

இத்தனை இருந்தும் இதற்கே ஓட்டு ஏன்? பராமரிப்பு. மூன்றாவது வழியை எடுத்துக்கொள்ளுங்கள்: கம்பைல் செய்யும்போதே சோர்ஸின் ஹாஷை (உள்ளடக்கத்தின் கைரேகை போன்ற எண்ணை) கணக்கிட்டு ஒரு டேபிளில் எழுதிவைப்பது. நேரத்தை நம்ப வேண்டாம் என்பதால் காகிதத்தில் இதுவே துல்லியம். ஆனால் ஒவ்வொருவரும் உங்கள் ராப்பர் கமாண்ட் (கம்பைல் செய்து ஹாஷையும் எழுதும் கமாண்ட்) வழியாகவே கம்பைல் செய்ய வேண்டும். இரவு அவசரத்தில் ஒருவர் பிடிஎம் என்ற மெம்பர் பட்டியல் திரையில் கம்பைலுக்கான 14 போட்டு நேராக கம்பைல் செய்தால் டேபிள் அன்றோடு பொய். அதைக் காவல் காக்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் வேலை மாறினால் டேபிளுக்குச் சொந்தக்காரர் கிடையாது. டேபிள் வருவதற்கு முன் கம்பைல் ஆன புரோகிராம்களுக்கு ஹாஷும் கிடையாது. கம்பைலர் முத்திரையோ யார், எந்த வழியாக கம்பைல் செய்தாலும் விழும், பல ஆண்டுப் பழைய புரோகிராம்களிலும் இருக்கும். கமெண்ட் மட்டும் மாறினாலும் கூவும் என்பது உண்மைதான். அந்தத் தொல்லை சகிக்கத்தக்கது.

நான்காவது, எல்லாவற்றையும் மறுபடி கம்பைல் செய்வது. எது பழையது என்று இது சொல்லவே சொல்லாது, உருவான நேரம் வேறாவதால் பைட் ஒப்பீடும் பொருந்தாது. பைண்டர் சோர்ஸ் (எக்ஸ்போர்ட் பட்டியல்) இல்லாத சர்வீஸ் புரோகிராமில் (பல புரோகிராம்கள் பகிர்ந்து அழைப்பது) எக்ஸ்போர்ட் மாறியிருந்தால் சிக்னேச்சர் (அதன் அடையாளக் குறி) மாறி, அழைக்கும் புரோகிராம்கள் விழும். சோர்ஸ் தொலைந்த புரோகிராம்களைக் கண்டுபிடிக்க மட்டும், தனி லைப்ரரியில், எப்போதாவது ஒருமுறை ஓட்டலாம்.

சோர்ஸை கிட்டுக்கு (Git, பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவி) மாற்றி, ஸ்ட்ரீம் ஃபைலிலிருந்து (மெம்பர் அல்லாத சாதாரண ஃபைல்) கம்பைல் செய்யும் டீம்களுக்கு என் சிபாரிசு பொருந்தாது. செக்அவுட் செய்த நேரமே ஃபைலின் நேரமாகிவிடுவதால் முத்திரை வீண். அந்தப் பக்கம் எனக்குப் புழக்கம் குறைவு. ஆனாலும், ஆர்பிஜியின் காப்பிரைட் கீவேர்டில் கமிட் ஹாஷை பில்ட் ஸ்கிரிப்ட் எழுதிவிட்டால் அது மாட்யூலுக்குள்ளேயே பதிந்து, டிஸ்ப்ளே புரோகிராம் கமாண்டில் தெரியும். தனி டேபிள் தேவைப்படாது.